4 கேபி எழுத 4 எம்பி நகர்ந்தது: செஃப் கேஷ் அடுக்கும் ஃபிளாஷ் இருக்க வேண்டிய இடமும்

மெய்நிகர் இயந்திரங்களை, புழக்கத்தில் சொல்வதுபோல் விஎம்களை, பல சர்வர்களில் பரவிய சேமிப்பின் மேல் ஓட்டுபவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். ஹார்டு டிஸ்க் மலிவு, ஆனால் மெதுவானது. ஃபிளாஷ் வேகமானது, ஆனால் டெராபைட் கணக்கில் வாங்கக் கட்டுப்படியாவதில்லை. அப்படியானால் நிறைய டிஸ்குக்கு முன்னால் கொஞ்சம் ஃபிளாஷை வைத்துக் கேஷாக, அதாவது வேகமான இடைச் சேமிப்பாக, பயன்படுத்தினால் என்ன? செய்யலாம். ஆனால் அந்தக் கொஞ்சம் ஃபிளாஷை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் திட்டம் பிழைப்பதும் கவிழ்வதும் இருக்கிறது.

இதற்குச் செஃப் மென்பொருளின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று இல்லை. சாண்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேஜ் வெயில் தன் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கிய இந்தச் சேமிப்பு அமைப்பு, இன்று ஓப்பன்ஸ்டாக், பிராக்ஸ்மாக்ஸ் போன்ற தளங்களில் விஎம் டிஸ்குகளுக்கு அடித்தளமாக இருக்கிறது. ஃபிளாஷை வைக்கக்கூடிய எல்லா இடங்களையும் அது சோதித்துப் பார்த்துவிட்டது. அவற்றில் யாருக்கும் முதலில் தோன்றக்கூடிய, படம் வரைந்தால் மிக அழகாகத் தெரியும் இடம் ‘கேஷ் அடுக்கு’. 2014 மே மாதம் ஃபையர்ஃப்ளை பதிப்பில் அது வந்தது. 2023இல் வெளியான ரீஃப் பதிப்பில் கைவிடப்படும் அம்சம் என்று அறிவிக்கப்பட்டது. ரெட் ஹேட் நிறுவனம் தன் வணிகச் செஃப் தொகுப்பின் 2.0 பதிப்பிலேயே அந்த முடிவுக்கு வந்திருந்தது. அது ஏன் விஎம்களுக்கு ஒத்துவரவில்லை, அதற்குப் பதிலாக எது நிலைத்தது என்பதை எண்களோடு பார்ப்பதே இந்த ஆய்வு.

கணக்குக்கு ஒரு கிளஸ்டர்

கணக்கிடுவதற்காக ஒரு மாதிரி அமைப்பை எடுத்துக்கொள்வோம். 6 சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 12 ஹார்டு டிஸ்க், ஒவ்வொரு டிஸ்கும் 4 டிபி, நிமிடத்துக்கு 7200 சுழற்சி வேகம். இணைப்பு 10 கிகாபிட். தரவு 3 நகல். மேலே 300 விஎம்கள்.

மொத்தக் கொள்ளளவு 288 டிபி, 3 நகலுக்குப் பின் 96 டிபி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வேகத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 7200 சுழற்சி டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவிநாடி எடுக்கும். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு 4.17, தலை நகர்வதற்கு 8.5 என்று வைத்தால் ஒரு சிதறல் அணுக்கத்துக்கு சுமார் 12.7 மில்லிவிநாடி. அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 79 செயல்கள். 72 டிஸ்கும் சேர்ந்து 5,700. படிப்பதற்கு ஒரு நகலைத் தொட்டால் போதும், ஆகவே படிப்பு 5,700. எழுதுவதற்கு மூன்று நகலையும் தொட வேண்டும், ஆகவே 1,900. செஃப்பின் பழைய சேமிப்பு முறையான ஃபைல்ஸ்டோரில் ஒவ்வொரு எழுத்தும் முதலில் ஜர்னல் என்ற பதிவேட்டுக்கும் பிறகு எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைக்கும் போகும். ஜர்னல் அதே டிஸ்கில் இருந்தால் 1,900 பாதியாகி 950 ஆகிவிடும். 300 விஎம்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு விநாடிக்கு 3 எழுதும் செயல். சும்மா இருக்கும் ஒரு லினக்ஸ் விஎம் பதிவுக் கோப்பு எழுதுவதற்கே இது போதாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விஎம்மின் உள்ளே இருக்கும் இயங்குதளம் தன் நினைவகத்தில் ஒரு கேஷ் வைத்திருக்கிறது. அடிக்கடி படிக்கப்படும் தரவு அங்கேயே கிடைத்துவிடும், சேமிப்பு வரை வராது. ஆகவே கீழே வந்து சேரும் படிப்புகளில் பெரும்பாலானவை எப்போதாவது தொடப்படும் தரவுக்கானவை. எழுத்துகள் அப்படியல்ல. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்கள் ஒவ்வொரு பரிவர்த்தனையின் முடிவிலும் ‘இது உண்மையிலேயே டிஸ்கில் எழுதப்பட்டதா’ என்று கேட்டுக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பை விஎம்மின் நினைவகம் மறைக்க முடியாது. 300 விஎம்களின் சீரான எழுத்துகளும் ஒன்றோடொன்று கலந்து டிஸ்க் மட்டத்தில் சிதறலாகவே வந்து சேரும். இவை இரண்டையும் சேர்த்தால் முடிவு ஒன்றுதான். விஎம் சுமையில் ஃபிளாஷின் முதல் வேலை சிறு ஒத்திசைவு எழுத்துகளை உடனே ஏற்றுக்கொள்வது. படிப்புக் கேஷ் இரண்டாவது வேலை.

மேலே வைத்த கேஷ்

கேஷ் அடுக்கின் அமைப்பு இப்படி. எஸ்எஸ்டிகளால், அதாவது ஃபிளாஷ் டிஸ்குகளால், ஆன ஒரு தனிப் பூல் (சேமிப்புத் தொகுதி), ஹார்டு டிஸ்குகளால் ஆன அடித்தளப் பூல். கேஷ் பூலை அடித்தளத்தின் மேல் போர்த்திவிட்டால் விஎம்கள் கேட்பதெல்லாம் முதலில் கேஷ் பூலுக்குப் போகும். அங்கே இல்லாத ஆப்ஜெக்ட் அடித்தளத்திலிருந்து மேலே ஏற்றப்படும். கேஷ் நிரம்பும்போது மாற்றப்பட்டவை கீழே எழுதப்பட்டு, பழையவை வெளியேற்றப்படும்.

சிக்கல் ‘ஆப்ஜெக்ட்’ என்ற அளவில் இருக்கிறது. செஃப்பில் ஒரு விஎம் டிஸ்க் இயல்பாக 4 எம்பி ஆப்ஜெக்டுகளாக வெட்டப்படுகிறது. கேஷ் அடுக்கு ஏற்றுவதும் இறக்குவதும் முழு ஆப்ஜெக்டாகத்தான். விஎம் கேட்பதோ 4 கேபி. ஆயிரத்து இருபத்து நான்கு மடங்கு வித்தியாசம்.

கேஷில் இல்லாத ஓர் ஆப்ஜெக்டில் ஒரு விஎம் 4 கேபி எழுத விரும்புகிறது என்று வைப்போம். நேரடியாக டிஸ்கில் எழுதியிருந்தால் மூன்று நகலுக்கும் சேர்த்து 12 கேபி. கேஷ் அடுக்கில் நடப்பது வேறு. அடித்தளத்தில் 4 எம்பி படிக்கப்படுகிறது. அது நெட்வொர்க்கில் பயணித்துக் கேஷ் பூலில் மூன்று நகலாக, 12 எம்பியாக, ஃபிளாஷில் எழுதப்படுகிறது. ஃபைல்ஸ்டோர் ஜர்னலும் அதே எஸ்எஸ்டியில் இருந்தால் 24 எம்பி. பிறகு அந்த ஆப்ஜெக்ட் இறக்கப்படும்போது ஹார்டு டிஸ்குகளில் மேலும் 12 எம்பி. ஒரு 4 கேபி எழுத்துக்காக.

4 கேபி படிப்பு ஒன்று கேஷில் தவறி, ஆப்ஜெக்ட் மேலே ஏற்றப்பட்டால் வரும் தாமதத்தையும் கணக்கிடலாம். டிஸ்க் தலை சரியான இடத்துக்கு வர 12.7 மில்லிவிநாடி. 4 எம்பியை விநாடிக்கு 120 எம்பி வேகத்தில் படிக்க 33. 10 கிகாபிட் கம்பியில் அனுப்ப 3.4. பிறகு மூன்று எஸ்எஸ்டிகளில் எழுதும் நேரம். ஏறத்தாழ 60 மில்லிவிநாடி வரை விஎம் காத்திருக்கிறது. கேஷே இல்லாமல் அந்த 4 கேபியை நேராக டிஸ்கிலிருந்து படித்திருந்தால் 13இல் முடிந்திருக்கும். கேஷ் தவறினால் கேஷ் இல்லாததைவிடப் பலமடங்கு மெதுவாகிறது. விஎம் சுமையில் தவறும் படிப்புகள்தான் அதிகம் என்பதை மேலே பார்த்தோம்.

செஃப் குழு இதை அறியாமல் இல்லை. 2015இல் வந்த ஹேமர் பதிப்பில் கேஷில் இல்லாத படிப்பை ஏற்றாமலே அடித்தளத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் வசதி வந்தது. எழுத்துகளுக்கும் அதே வசதி அடுத்த பதிப்பான இன்ஃபர்னாலிஸில் கிடைத்தது. 2016இன் ஜூவல் பதிப்பில் விநாடிக்கு எத்தனை ஆப்ஜெக்ட் ஏற்றலாம் என்பதற்கே வரம்பு வைத்தார்கள்: 25 ஆப்ஜெக்ட் அல்லது 5 எம்பி. அந்த எண்ணைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கேஷ் நன்றாக வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்குள் தரவு நுழைவதையே தடுக்க வேண்டியிருந்தது. செஃப்பின் சொந்த ஆவணமே அழித்தல்-குறியீட்டுப் பூலின் (முழு நகல்களுக்குப் பதிலாகத் துண்டுகளும் மீட்புக் குறியீடும் வைக்கும் பூலின்) மேல் விஎம் டிஸ்குகளுக்குக் கேஷ் அடுக்கு வைப்பதை ‘ஒத்துவராத சுமைகள்’ பட்டியலில் சேர்த்திருந்தது. காரணமாக அது சொன்னதும் இதையேதான்: சில ஆப்ஜெக்டுகளையே பெரும்பாலும் தொடும் சுமையிலும் குளிர்ந்த, அதாவது அரிதாகத் தொடப்படும், ஆப்ஜெக்டுகளுக்குச் சில சிறு எழுத்துகள் போய்க்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் முழு ஆப்ஜெக்டையும் நகர்த்த வேண்டும்.

கேஷ் அடுக்கு எல்லா இடத்திலும் தவறானது என்று சொல்ல முடியாது. அண்மையில் ஏற்றிய கோப்புகளே அதிகம் படிக்கப்படும், கோப்பு முழுவதாகவே படிக்கப்படும் ஆப்ஜெக்ட் சேமிப்பில் அது பொருந்தியது. அங்கே 4 எம்பி கேட்பவருக்கு 4 எம்பி கிடைக்கிறது.

இதை அமைத்தவர்கள் பலர் விழுந்த குழி ஒன்று உண்டு. கேஷ் பூலுக்கு ‘டார்கெட் மேக்ஸ் பைட்ஸ்’ என்ற உச்ச அளவு மதிப்பை வெளிப்படையாகக் கொடுக்காவிட்டால் இறக்குவதும் வெளியேற்றுவதும் தொடங்கவே தொடங்காது. 40 விழுக்காட்டில் இறக்கு, 80 விழுக்காட்டில் வெளியேற்று என்ற விகிதங்கள் எல்லாம் அந்த மதிப்பின் மேல் கணக்கிடப்படுபவை. செஃப் தானாக எஸ்எஸ்டிகளின் கொள்ளளவைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. மதிப்பு இல்லையென்றால் சில வாரம் அற்புதமாக ஓடும். பிறகு எஸ்எஸ்டிகள் நிரம்பி, மேலே உள்ள எல்லா விஎம்களின் எழுத்தும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். இந்த மதிப்பைக் கொடுக்கும்போதும் நகல்களைக் கழித்துக் கணக்கிட வேண்டும். மூன்று நகல் கொண்ட 2.4 டிபி எஸ்எஸ்டி பூலுக்குப் பயனுள்ள இடம் 800 ஜிபி, ஒரு சர்வர் விழுந்தாலும் இடம் வேண்டும் என்பதால் 600 ஜிபிக்கு மேல் வைக்கக் கூடாது.

கீழே வைத்த ஃபிளாஷ்

அதே எஸ்எஸ்டிகளைத் தனிப் பூலாக்காமல், ஒவ்வொரு சர்வருக்குள்ளும் டிஸ்குகளின் கீழேயே பிரித்துக் கொடுப்பது அடுத்த வழி. நெட்வொர்க்கில் கூடுதல் பயணம் இல்லை. 4 எம்பி ஏற்றம் இல்லை. நகல்கள் எப்படியும் மூன்று சர்வர்களுக்குப் போகின்றன, ஒவ்வொரு சர்வரும் தன் பங்கைத் தன் ஃபிளாஷில் ஏற்றுக்கொள்கிறது.

ஃபைல்ஸ்டோர் காலத்தில் இது ஜர்னலை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றுவதாக இருந்தது. ஒரு சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 450 எம்பி எழுதும், ஒரு ஹார்டு டிஸ்க் 110 எழுதும் என்றால் ஓர் எஸ்எஸ்டிக்கு 4 டிஸ்க். 12 டிஸ்குக்கு 3 எஸ்எஸ்டி. ஜர்னலின் அளவு அதிகம் வேண்டியதில்லை. எழுதும் வேகம், ஒத்திசைவு இடைவெளியான 5 விநாடி, இரண்டும் பெருக்கி இரண்டால் மீண்டும் பெருக்கினால் 1.1 ஜிபி. 5 ஜிபி கொடுத்தால் தாராளம். மிச்ச இடத்தை எஸ்எஸ்டியின் ஆயுளுக்காகக் காலியாகவே விடுவது நல்லது.

2017 ஆகஸ்டில் வந்த லூமினஸ் பதிப்பு ஃபைல்ஸ்டோருக்குப் பதிலாகப் புளூஸ்டோரைக் கொண்டுவந்தது. இது கோப்பு முறையே இல்லாமல் டிஸ்கை நேரடியாக ஆள்கிறது. எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற குறிப்புகள் ராக்ஸ்டிபி என்ற சிறு தரவுத்தளத்தில் இருக்கும். அந்த ராக்ஸ்டிபியையும் அதன் முன்னெழுத்துப் பதிவையும் ஃபிளாஷில் வைக்கலாம். பெரிய எழுத்துகள் நேராக ஹார்டு டிஸ்குக்குப் போகும். சிறு எழுத்துகள் முதலில் முன்னெழுத்துப் பதிவில் அமர்ந்து, விஎம்முக்கு ‘முடிந்தது’ என்று பதில் போய்விடும். பிறகு அவை சாவகாசமாக டிஸ்கில் இறங்கும். சிறியது எது என்பதற்கான எல்லை, ஹார்டு டிஸ்க் என்றால், முதலில் 32 கேபியாக இருந்தது, பின் 64 கேபி ஆனது.

ராக்ஸ்டிபிக்கு எவ்வளவு இடம்? விஎம் டிஸ்குகளுக்கு, டிஸ்க் கொள்ளளவில் 1 முதல் 2 விழுக்காடு என்பது நடைமுறை. 4 டிபிக்கு 40 முதல் 80 ஜிபி. ஆனால் இங்கே ஒரு படிக்கட்டு ஒளிந்திருக்கிறது. ராக்ஸ்டிபி தரவைப் படிநிலைகளாக அடுக்குகிறது: 256 எம்பி, அதன் பத்து மடங்கு 2.56 ஜிபி, 25.6 ஜிபி, 256 ஜிபி. பழைய பதிப்புகளில் ஒரு படிநிலை முழுவதும் ஃபிளாஷில் அடங்காவிட்டால் அந்தப் படிநிலை மெதுவான டிஸ்குக்குப் போய்விடும். அதனால் ஏறத்தாழ 3, 30, 300 ஜிபி ஆகிய அளவுகளே பயன் தந்தன. 50 ஜிபி கொடுத்தால் 20 ஜிபி வீண். பின்னர் வந்த பதிப்புகள் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டன. எனினும் சுருக்கும் வேலை நடக்கும்போது தற்காலிக இடம் தேவை என்பதால் 30ஐவிட 60 ஜிபி கொடுப்பதே எங்கள் பரிந்துரை. கிளஸ்டரின் நலநிலை அறிக்கையில் ‘புளூஎஃப்எஸ் ஸ்பில்ஓவர்’ எச்சரிக்கை வந்தால் ராக்ஸ்டிபி ஃபிளாஷைத் தாண்டி வழிகிறது என்று பொருள். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. தாமதம் கூடுவது மெல்ல மெல்லத்தான் தெரியும், தெரியும்போது வழிந்தது நிறைய ஆகியிருக்கும்.

இந்த முறை அலையைத் தணிக்கும். ஆனால் தொடர்ந்து விழும் சிதறல் எழுத்தை இதனால் வெகுநேரம் தாங்க முடியாது, ஏனெனில் இறுதியில் எல்லாம் 79 செயல் செய்யும் டிஸ்கில்தான் இறங்க வேண்டும். அதையும் தாண்டி வேண்டுமென்றால் பிகேஷ்.

பிகேஷ்: பலமும் முள்ளும்

கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் எழுதிய பிகேஷ் 2013இல் லினக்ஸ் கெர்னல் 3.10இல் சேர்ந்தது. ஓர் எஸ்எஸ்டியை ஒரு ஹார்டு டிஸ்கோடு இணைத்து, இரண்டையும் ஒரே சாதனமாகக் காட்டும். அந்தச் சாதனத்தின் மேல் செஃப்பின் ஓஎஸ்டியை, அதாவது ஒரு டிஸ்கை ஆளும் செஃப் நிரலை, அமைக்கலாம். ரைட்பேக் முறையில் எழுத்துகள் எஸ்எஸ்டியில் தங்கி, டிஸ்கின் இட வரிசைப்படி அடுக்கப்பட்டுப் பிறகு இறங்கும். அந்த வரிசைப்படுத்தல்தான் ஆதாயம். தலை முன்னும் பின்னும் அலையாமல் ஒரே திசையில் போவதால் அதே டிஸ்க் விநாடிக்கு 250 எழுத்து வரை இறக்க முடியும் என்று வைக்கலாம். ஆனாலும் கணக்கை மறக்கக் கூடாது. 100 ஜிபி கேஷில் 10 விழுக்காடு, அதாவது 10 ஜிபி, 4 கேபி துண்டுகளாக இறங்காமல் இருந்தால் அது சுமார் 26 லட்சம் துண்டு. 250 வேகத்தில் இறங்க ஏறத்தாழ 3 மணி நேரம்.

இயல்புநிலை மதிப்புகள் மேசைக் கணினிக்கு ஏற்றவை, செஃப்புக்கு அல்ல. முதலாவது, தொடர் அணுக்க எல்லை 4 எம்பி. அதைவிட நீளமான தொடர் படிப்பையும் எழுத்தையும் பிகேஷ் கேஷில் சேர்க்காமல் நேரே டிஸ்குக்கு அனுப்பும். ஆனால் நகல்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் செஃப்பின் ஆழ்ந்த சரிபார்ப்பு 512 கேபி துண்டுகளாக, 4 எம்பி ஆப்ஜெக்டுகளைப் படித்துக்கொண்டு போகிறது. எல்லை 4 எம்பியாகவே இருந்தால் அந்தப் படிப்புகள் எல்லாம் கேஷுக்குள் நுழையும் வாய்ப்பு அதிகம். வாரம் ஒருமுறை டிஸ்க் முழுவதையும் படிக்கும் அந்த வேலை, உண்மையில் பயன்பட்ட தரவைக் கேஷிலிருந்து துடைத்துவிடும். இரவு நேரப் பிரதி எடுப்பும் இப்படித்தான். எல்லையை 256 கேபி அளவுக்குக் குறைத்தால் சிறு எழுத்துகள் மட்டும் கேஷில் தங்கும்.

இரண்டாவது, நெரிசல் வரம்பு. எஸ்எஸ்டி ஒரு படிப்புக்கு 2 மில்லிவிநாடியோ எழுத்துக்கு 20 மில்லிவிநாடியோ தாண்டினால் பிகேஷ் அதை நெரிசல் என்று கருதிச் சில வேலைகளை டிஸ்குக்குத் திருப்பும். நான்கு டிஸ்குக்கு ஓர் எஸ்எஸ்டி என்றால் இந்த வரம்பு அடிக்கடி தாண்டப்படும், மிக அவசரமான நேரத்தில் சுமை டிஸ்கின் மேல் விழும். இரண்டு வரம்பையும் 0 ஆக்கி அந்தத் திருப்பலை நிறுத்துவதே வழக்கம். இதே காரணத்தால் கேஷின் நிரப்பைக் கண்காணிக்க வேண்டும். பயன்பாடு 70 விழுக்காட்டைத் தாண்டினால் பிகேஷ் ரைட்பேக்கையே நிறுத்திவிடும், எழுத்தெல்லாம் நேராக டிஸ்குக்குப் போகும். விஎம்களின் தாமதம் 2 மில்லிவிநாடியிலிருந்து திடீரென்று 30 ஆகும்போது நெட்வொர்க்கைச் சந்தேகித்து நேரம் கழிப்பவர்கள், முதலில் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடத் தந்திரமானது. பிகேஷ் சாதனம் தன்னைச் சுழலாத சாதனம் என்று கெர்னலிடம் அறிவிக்கிறது. அதைப் பார்த்துச் செஃப் இந்த ஓஎஸ்டியை எஸ்எஸ்டி வகுப்பில் சேர்த்துவிடும். விளைவுகள் பல. எஸ்எஸ்டி வகுப்புக்கென்று விதி எழுதியிருந்தால் உண்மையான எஸ்எஸ்டி பூலின் தரவு ஹார்டு டிஸ்கில் போய் விழும். மீட்பு வேலைக்கு ஹார்டு டிஸ்க் என்றால் ஒவ்வொரு படிக்கும் இடையே 0.1 விநாடி ஓய்வு உண்டு, எஸ்எஸ்டி என்றால் ஓய்வு 0. ஒரு சர்வர் விழுந்து எழுந்ததும் மீட்பு வேலை விஎம்களை மிதித்துக்கொண்டு ஓடும். டிஸ்கின் திறனை வேலைகளுக்குப் பங்கிடும், 2022இன் குவின்சி பதிப்பு முதல் இயல்பாக இருக்கும் எம்கிளாக் முறையிலோ, ஓஎஸ்டி தொடங்கும்போது ஒரு குட்டிச் சோதனை செய்து தன் திறனை அளக்கிறது. கேஷின் மேல் அளந்தால் ஃபிளாஷின் வேகம் கிடைக்கும், டிஸ்கின் வேகம் மறைந்துவிடும். ஆகவே வகுப்பைக் கையால் நீக்கி ஹார்டு டிஸ்க் என்று மாற்றுவது, எம்கிளாக் திறன் மதிப்பைக் கையால் குறிப்பது, இந்த இரண்டையும் ஓஎஸ்டி உருவாக்கிய அன்றே செய்துவிட வேண்டும்.

எந்த எஸ்எஸ்டி

இடம் சரியாக இருந்தும் தவறான எஸ்எஸ்டியால் திட்டம் கெடுவது உண்டு. மேசைக் கணினிக்கான எஸ்எஸ்டிகள் பெட்டியில் போட்டிருக்கும் வேகம், எழுத்தைச் சாதனத்தின் தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொண்டு கிடைத்த வேகம். செஃப் ஒவ்வொரு எழுத்தையும் ‘உண்மையிலேயே பதிவானதா’ என்று கேட்கும். மின்தடைப் பாதுகாப்புக்கான மின்தேக்கிகள் இல்லாத எஸ்எஸ்டி, அப்போது ஃபிளாஷ் சில்லில் எழுதி முடித்தால்தான் பதில் சொல்ல முடியும். அந்த நிலையில் அதன் வேகம் விநாடிக்குச் சில நூறு முதல் ஓரிரு ஆயிரம் வரை விழுந்துவிடும். மின்தேக்கி உள்ள எஸ்எஸ்டியோ, மின்சாரம் போனாலும் எழுதி முடிப்பேன் என்ற உறுதியில் உடனே பதில் தரும், பல்லாயிரம் எழுத்துகள் தாங்கும்.

வாங்கும் முன் ஒன்றை மட்டும் வரவழைத்துச் சோதியுங்கள். எஃப்ஐஓ கருவியில் 4 கேபி துண்டு, நேரடி அணுக்கம், ஒத்திசைவு எழுத்து, வரிசை ஆழம் 1, வேலை 1, குறைந்தது 10 நிமிடம். இந்தச் சோதனை சாதனத்தில் உள்ளதை அழித்துவிடும், ஆகவே வெறும் எஸ்எஸ்டியில் செய்ய வேண்டும். சில நூறு வந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆயுளுக்கும் கணக்கு உண்டு. விஎம்கள் எல்லாம் சேர்ந்து நாள் முழுவதும் சராசரி விநாடிக்கு 60 எம்பி எழுதுகின்றன என்று வைப்போம். மூன்று நகல், 180. ஆறு சர்வருக்கு, ஒன்றுக்கு 30. ஜர்னல் எஸ்எஸ்டி மூன்று, ஒன்றுக்கு 10 எம்பி. நாளுக்கு 864 ஜிபி. இன்டெலின் டிசி எஸ்3500 வரிசையில் 480 ஜிபி எஸ்எஸ்டியின் உறுதியளிக்கப்பட்ட எழுத்து அளவு 275 டிபி. 318 நாளில், ஓராண்டுக்கும் குறைவாக, அது முடிந்துவிடும். அதே நிறுவனத்தின் டிசி எஸ்3700 வரிசையில் 400 ஜிபி எஸ்எஸ்டிக்கு 7.3 பிபி, அதாவது 7,300 டிபி. அதே சுமையில் 20 ஆண்டைத் தாண்டும். தோற்றம் ஒன்று, கொள்ளளவும் ஏறத்தாழ ஒன்று, தாங்கும் எழுத்து 26 மடங்கு வேறு.

செஃப் தரவைச் சமமாகப் பரப்புவதால் எல்லா எஸ்எஸ்டியும் ஒரே வேகத்தில் தேயும். ஒரே நாளில் ஒரே தொகுதியில் வாங்கிய 18 எஸ்எஸ்டிகள் ஒரே காலத்தில் முடிவை நெருங்கும். மூன்று நகல் என்ற பாதுகாப்பு, பழுதுகள் ஒன்றையொன்று சாராமல் வரும் என்ற நம்பிக்கையில் நிற்பது. 2019 நவம்பரில் சர்வர் நிறுவனமான எச்பிஈ சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேர இயக்கத்தில் செயலிழக்கும் என்று அறிவித்து, அதைத் திருத்தும் ஃபர்ம்வேரை (சாதனத்தின் உள் மென்பொருளை) வெளியிட்டது. ஒன்றாக இயக்கிவைத்த எஸ்எஸ்டிகள் ஒரே மணியில் போகக்கூடிய பிழை அது. சர்வருக்குச் சர்வர் வெவ்வேறு தொகுதி, முடிந்தால் வெவ்வேறு தயாரிப்பு, ஃபர்ம்வேர் அறிவிப்புகளைப் படிக்கும் பழக்கம், இவற்றில் எதையும் செலவு என்று தள்ளக் கூடாது.

ஓர் எஸ்எஸ்டி போனால்

கீழே வைக்கும் முறைக்கு ஒரு விலை உண்டு. ராக்ஸ்டிபி இருந்த எஸ்எஸ்டி போனால் அதன் கீழுள்ள நான்கு ஓஎஸ்டிகளும் போயின. டிஸ்குகளில் தரவு அப்படியே இருந்தாலும் எது எங்கே என்ற குறிப்பு இல்லை. பிகேஷ் ரைட்பேக்கிலும் அதே கதி, இறங்காத எழுத்து எஸ்எஸ்டியில் மட்டுமே இருந்தது. 4 டிஸ்க், 4 டிபி, 60 விழுக்காடு நிரப்பு என்றால் 9.6 டிபி மீண்டும் உருவாக வேண்டும். விநாடிக்கு 500 எம்பி மீட்பு வேகத்தில் 5 மணி நேரத்துக்கும் மேல். அதற்குள் இன்னொரு சர்வரில் இன்னோர் எஸ்எஸ்டி போனால், இரண்டிலும் நகல் இருந்த பகுதிகளில் ஒரே நகல் மிஞ்சும். குறைந்தபட்ச நகல் 2 என்ற விதிப்படி அந்தப் பகுதிகளில் எழுத்தும் படிப்பும் நிற்கும். பதற்றத்தில் அந்த விதியை 1 ஆக்குவதுதான் தரவு இழப்பின் தொடக்கம். செய்யாதீர்கள், மீட்பு முடியும் வரை பொறுத்திருங்கள். 2 நகலோடு இப்படிப்பட்ட அமைப்பை நடத்துவதை நாங்கள் எந்தச் சூழலிலும் ஏற்க மாட்டோம்.

பிகேஷில் நல்ல நிலையில் உள்ள எஸ்எஸ்டியை மாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் முறையை, எழுத்து டிஸ்கிலும் உடனே பதியும் ரைட்த்ரூவுக்கு மாற்றுங்கள். ரைட்பேக் விழுக்காட்டை 0 ஆக்குங்கள். சாதனத்தின் நிலை ‘கிளீன்’ என்று வரும் வரை காத்திருந்து, பிறகுதான் பிரிக்க வேண்டும். விழுக்காட்டைக் குறைக்காவிட்டால் பிகேஷ் இறங்காத எழுத்தை எப்போதும் 10 விழுக்காட்டை ஒட்டியே வைத்திருக்கப் பார்க்கும்.

மற்ற நிறுவனங்களும் ஃபிளாஷைக் கீழேதான் வைத்தன. 2014இல் வந்த விஎம்வேர் நிறுவனத்தின் விசான் சேமிப்பு அமைப்பு, ஒவ்வொரு டிஸ்க் குழுவிலும் ஒரு ஃபிளாஷ், அதிகபட்சம் 7 டிஸ்க் என்று வைத்தது. கலப்பு அமைப்பில் அந்த ஃபிளாஷின் 70 விழுக்காடு படிப்புக்கு, 30 எழுத்துக்கு. ஃபிளாஷ் போனால் குழு முழுவதும் போகும். முழு ஃபிளாஷ் அமைப்பில் படிப்புக் கேஷே இல்லை, எல்லாம் எழுத்துக்கே. 2022இன் விசான் 8இல் வந்த புதிய கட்டமைப்பில் தனிக் கேஷ் அடுக்கே நீக்கப்பட்டது.

விஎம் ஓடும் சர்வரில் கேஷ்

மூன்றாவது இடம் ஹைப்பர்வைசர் சர்வரே. படிப்புக்கு மட்டும் என்றால் ஆபத்தில்லை. ஒரே மூலப் படிமத்திலிருந்து நூற்றுக்கணக்கான விஎம்கள் உருவான இடங்களில் காலையில் எல்லாம் ஒன்றாக எழும்போது இது உண்மையிலேயே உதவும், ஏனெனில் அந்தப் படிமம் மாறாதது. எழுத்துக்கும் வைத்தால் அந்தச் சர்வர் விழும்போது கடைசி எழுத்துகள் அதோடு போகும், விஎம் வேறு சர்வரில் பழைய நிலையில் எழும். செஃப் 2021இல் பசிபிக் பதிப்பில் இப்படியொரு எழுத்துப் பதிவுக் கேஷைத் தந்தது. எழுத்துகளின் வரிசை குலையாமல் இறக்குவதால் கோப்பு முறை உடையாது. ஆனால் ‘முடிந்தது’ என்று சொல்லப்பட்ட பரிவர்த்தனை காணாமல் போகலாம். வங்கிக் கணக்குத் தரவுத்தளத்தை அதன் மேல் வைக்க நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஃபிளாஷ் வாங்கும் முன் நினைவகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஓஎஸ்டிக்கும் இயல்பு இலக்கு 4 ஜிபி, 12க்கு 48. அதையே கொடுக்காத சர்வரில் எஸ்எஸ்டி சேர்ப்பதில் பயன் குறைவு.

இன்னும் கேஷ் அடுக்கு ஓடும் இடங்களில்

ஆவணமே இந்த அம்சத்துக்கு நெடுங்காலமாகப் பராமரிப்பாளர் இல்லை என்கிறது. அகற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். வரிசை இது. முதலில் அடித்தள ஓஎஸ்டிகளுக்கு ராக்ஸ்டிபி ஃபிளாஷ் கொடுங்கள், ஏனெனில் கேஷ் போனதும் எல்லாச் சுமையும் அங்கே விழும். பிறகு கேஷ் முறையை ‘பிராக்ஸி’க்கு மாற்றுங்கள், புதிதாக எதுவும் ஏறாது. அடுத்து முழுவதையும் இறக்கி வெளியேற்றும் கட்டளையைச் சுமை குறைந்த நேரத்தில் ஓட்டுங்கள். 600 ஜிபி என்றால் 4 எம்பி கணக்கில் ஒன்றரை லட்சம் ஆப்ஜெக்ட், எல்லாம் மூன்று நகலாக ஹார்டு டிஸ்கில் இறங்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் சில ஆப்ஜெக்டுகள் மட்டும் ‘பிஸி’ என்று சொல்லி நகர மறுக்கும். பெயரைப் பார்த்தால் ‘ஆர்பிடி ஹெடர்’ என்று தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு விஎம்மும் தன் டிஸ்கின் தலைப்பு ஆப்ஜெக்டைக் கவனித்துக்கொண்டிருக்கிறது, கவனிப்பவர் இருக்கும் வரை வெளியேற்றம் நடக்காது. அந்த விஎம்களைப் பராமரிப்பு நேரத்தில் முறையாக நிறுத்தி, கட்டளையை மீண்டும் ஓட்ட வேண்டும். கேஷ் பூலின் ஆப்ஜெக்ட் பட்டியல் வெறுமையாக வந்த பிறகே போர்வையை நீக்க வேண்டும், அதன் பிறகே அடுக்கைப் பிரிக்க வேண்டும். பட்டியலில் ஒன்றிரண்டு இருக்கும்போதே பூலை அழித்தால் போவது அந்த விஎம்மின் டிஸ்க் தலைப்பு. தலைப்பு இல்லாத டிஸ்கை எந்த விஎம்மாலும் திறக்க முடியாது. விடுபட்ட எஸ்எஸ்டிகளை உடனே வேறு வேலைக்குக் கொடுக்காமல், விஎம்கள் எல்லாம் எழுந்து ஆழ்ந்த சரிபார்ப்பு ஒரு சுற்று முடியும் வரை அப்படியே வைத்திருங்கள்.